கிளட்ச் ஆயில் என்பது ஆயில் அல்ல



எங்கள் வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் இருந்தது. 1966 மாடல், இரண்டு கதவு, மார்க் 2. என் அப்பா ஒரு சொல்தா. இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்தவர். பிரெஞ்சு பென்ஷன் பணத்தைச் சேர்த்து 1973-இல் அந்தக் காரை இரண்டாம் கையாக வாங்கினார். 1985-இல் விற்றோம். இந்த வயதில் ஊரில் பழைய கார் கண்காட்சி என்று பேப்பரில் படம் வந்தால், முதலில் ஹெரால்டு இருக்கிறதா என்றுதான் கண் தேடுகிறது.

அந்தக் காரின் கிளட்ச் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக எண்ணம். கிளட்சில் என்ன சரித்திரம் என்று கேட்கலாம். இருக்கிறது. என் சொந்தச் சரித்திரமும் அதில் கொஞ்சம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வண்டலூரில் பிறந்த வண்டி

நம் வயதுக்காரர்களுக்கு ஹெரால்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் அது வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்காது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் டிரயம்ப் கம்பெனிக்குக் காரின் உடற்பகுதிகளைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனி. 1953-இல் அந்தக் கம்பெனியையே போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஒரே கூடாக வார்த்த உடம்பைச் செய்து தர இனி ஆள் இல்லை. அதனால் ஸ்டாண்டர்ட் டிரயம்ப்காரர்கள் பழைய வழிக்குத் திரும்பினார்கள். அடியில் தனி சேசிஸ், அதன் மேல் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கிய உடம்பு. இத்தாலியில் துரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி அதற்கு உருவம் வரைந்தார். 1959 ஏப்ரலில் டிரயம்ப் ஹெரால்டு வெளிவந்தது.

துண்டு துண்டான வண்டி என்பதால் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றி வேறு நாட்டில் பூட்டிக்கொள்வது சுலபம். சென்னைக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961-இல் இருந்து ஹெரால்டு தயாராயிற்று. 948 சி.சி. இன்ஜின். இங்கிலாந்தில் பிற்பாடு பெரிய இன்ஜின்கள் வந்தபோதும் நமக்குக் கடைசிவரை அதே 948 தான். ஆனால் இங்கிலாந்துக்காரர்கள் செய்யாத ஒன்றை நம்மவர்கள் செய்தார்கள். நான்கு கதவு ஹெரால்டு. குடும்பத்தோடு போகும் நம் ஊருக்கு அதுதான் ஏற்றது. 1972-இல் அதுவே கெஸல் என்ற பெயரில் உருமாறியது.

முன்பக்கத்து பானெட் முழுவதும், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் சேர்ந்து முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பும். புதுச்சேரியில் குறுக்குத் தெருக்களில் திருப்பும்போது ரிக்‌ஷாக்காரர்களே நின்று பார்ப்பார்கள்.

இன்னொரு விசேஷம், அதன் கிளட்ச் ஹைட்ராலிக். காலால் பெடலை அமுக்கினால் கம்பியோ கயிறோ இழுக்காது. ஒரு திரவம் அந்தச் செய்தியைக் கொண்டு போகும்.

பாஸ்கல் ஐயாவும் நூறு ஆட்களும்

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பௌதிகப் பாடத்தில் எங்களுக்கு பாஸ்கலை உருப்போட வைத்தார்கள். பிளேஸ் பாஸ்கல், 1623-இல் கிளேர்மோனில் பிறந்தவர். அப்பா வரித்துறை அதிகாரி. அப்பா இரவெல்லாம் கணக்குக் கூட்டிக் கஷ்டப்படுகிறாரே என்று 1642-இல், பத்தொன்பது வயதில், பல்சக்கரம் வைத்த கூட்டல் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கியவர். முப்பத்தைந்து வருஷம் கிளார்க்காகக் கணக்குக் கூட்டிய எனக்கு இதற்காகவே அவர் மேல் தனி மரியாதை உண்டு.

அவர் இறந்த மறு வருஷம், 1663-இல், திரவங்களின் சமநிலை பற்றிய அவருடைய நூல் வெளியாயிற்று. மூடிய பாத்திரத்தில் திரவத்தை நிரப்பி ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்பது அதன் சாரம். ஒரு வாய் சிறியது, இன்னொரு வாய் அதைவிட நூறு மடங்கு பெரியது என்று வைத்துக்கொண்டால், சிறிய வாயில் ஒரு ஆள் அழுத்தும் அழுத்தம் பெரிய வாயில் நூறு ஆள் அழுத்துவதற்குச் சமம் என்று அவரே உதாரணம் காட்டியிருக்கிறார். ஆனால் இலவசம் ஒன்றும் இல்லை. பெரிய பக்கம் பலம் கூடும் அளவுக்கு நகரும் தூரம் குறைந்துவிடும்.

இந்தத் தத்துவத்தை வைத்து இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பவர் 1795-இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். மோட்டார் வண்டிக்குள் அது வர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் மால்கம் லாக்ஹெட் என்பவர் 1917-இல் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். விமானம் செய்த லாக்ஹீட் கம்பெனி இவருடைய தம்பியோடு சம்பந்தப்பட்டது. 1921-இல் டூஸன்பர்க் காரில் நான்கு சக்கரத்துக்கும் அந்த பிரேக் வந்தது. தொடக்கத்தில் சிலிண்டருக்குள் திரவம் கசியாமலிருக்கத் தோலைத்தான் வைத்தார்கள். அது கசிந்தது. 1924-இல் கிரைஸ்லர் கம்பெனியார் ரப்பர் கப் வைத்துச் செம்மைப்படுத்தினார்கள். பிரேக்குக்கு வந்த வசதி பின்பு கிளட்சுக்கும் வந்தது.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. அந்தக் காலத்தில் குழாய்க்குள் ஊற்றிய திரவம் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தது. நம் பாட்டிமார் குழந்தைக்கு வயிற்றுக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான். காரணம், விளக்கெண்ணெய் ரப்பரைக் கெடுக்காது. பெட்ரோலியத்தில் இருந்து வரும் எண்ணெய் இயற்கை ரப்பரை ஊற வைத்துக் கெடுத்துவிடும். பின்னாளில் விளக்கெண்ணெய் போய் கிளைக்கால் வகைத் திரவம் வந்தது. இன்று கடையில் டாட் 3, டாட் 4 என்று எழுதி விற்பது அந்த வகைதான். நாம் பழக்கதோஷத்தால் அதை பிரேக் ஆயில், கிளட்ச் ஆயில் என்கிறோம். அது ஆயிலே அல்ல. பிரெஞ்சில் அதற்கு 'லிக்கித் த ஃப்ரேன்' என்று பெயர். லிக்கித் என்றால் திரவம். எண்ணெய்க்கு 'உய்ல்' என்று வேறு சொல் இருக்கிறது. ஒரே ஒரு சொல். அதைக் கவனித்திருந்தால் எனக்கு நாற்பது வருஷ மனக்குறை மிச்சமாகியிருக்கும்.

பெடல் இல்லாத கிளட்ச்

பிரான்ஸைப் பற்றிப் பேசும்போது சித்ரோவேன் டி.எஸ். காரைச் சொல்லாமல் போக முடியாது. 1955 அக்டோபரில் பாரீஸ் மோட்டார் கண்காட்சியில் அதைத் திறந்து காட்டிய முதல் நாளே பன்னிரண்டாயிரம் பேர் ஆர்டர் கொடுத்ததாகச் சொல்வார்கள். ஸ்பிரிங்குக்குப் பதில் திரவமும் வாயுவும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் திரவத்தின் பலத்தில் ஓடும். கிளட்ச் பெடலே கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிறு கோலை நகர்த்தினால், ஹைட்ராலிக்கே கிளட்சைப் பிரித்து, கியரை மாற்றி, மறுபடி சேர்த்துவிடும். இந்த ஹைட்ராலிக் முழுவதற்கும் மூளை போல் ್இருந்தவர் போல் மாஜெஸ் என்ற மனிதர். முறையாக இன்ஜினீயரிங் படிக்காமல் இளம் வயதிலேயே கம்பெனியில் சேர்ந்து, கீழிருந்து மேலே வந்தவர்.

அந்த வண்டிக்கும் திரவத்தால் ஒரு தலைவலி வந்தது. 1966-க்கு முன் அதில் பயன்பட்ட எல்.எச்.எஸ். என்ற சிவப்புத் திரவம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். உள்ளே துரு ஏறும். அதனால் 1966-இல் எல்.எச்.எம். என்ற பச்சை நிற மினரல் எண்ணெய்க்கு மாறினார்கள். எண்ணெய் மாறினால் ரப்பரும் மாற வேண்டும். ஆகவே புது முறை வண்டியின் பாகங்களுக்குப் பச்சைச் சாயம் பூசி அடையாளம் வைத்தார்கள். பச்சைக்குச் சிவப்பு ஊற்றினாலும், சிவப்புக்குப் பச்சை ஊற்றினாலும் ரப்பர் போயிற்று. உலகமே வியந்த கம்பெனியின் மெக்கானிக்குகளுக்கே நிறம் பூசிக் காட்ட வேண்டியிருந்தது என்றால் நானெல்லாம் எம்மாத்திரம்.

நோய் எங்கே என்று பார்க்கும் முறை

ஹெரால்டுக்கு வருகிறேன். பானெட்டைத் திறந்தால் டிரைவர் பக்கம் இரண்டு சிறு டப்பாக்கள் தெரியும். ஒன்று பிரேக்குக்கு, ஒன்று கிளட்சுக்கு. கிளட்ச் பெடலை அமுக்கினால் டப்பாவோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளும். குழாய், ரப்பர் ஹோஸ் வழியாக அது கியர் பாக்ஸ் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகும். அது ஒரு கம்பியைத் தள்ளும். கம்பி நெம்புகோலைத் தள்ளும், ரிலீஸ் பேரிங் போய் அழுத்தும், கிளட்ச் பிளேட் பிரியும். மாஸ்டர் என்றால் எசமான், ஸ்லேவ் என்றால் அடிமை. சர்க்கார் ஆபீசில் நான் வகித்தது இரண்டாவது பதவி என்பதால் அதன் கஷ்டம் எனக்குப் புரியும். தப்பு மேலே நடந்திருந்தாலும் சத்தம் கீழேதான் வரும்.

எங்கள் மெக்கானிக் முத்தியால்பேட்டைப் பக்கம் ஷெட் வைத்திருந்தார். படிக்காதவர். ஆனால் கிளட்ச் என்று வண்டி வந்தால் ஒரு டாக்டர் மாதிரி வரிசையாகத்தான் பார்ப்பார். ஸ்பானரை எடுப்பது கடைசியில்தான். அவர் பக்கத்தில் நின்று நான் பார்த்துக் கற்றதை எழுதி வைக்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் யாருக்காவது உதவும்.

முதல் கேள்வி, கிளட்ச் பிரியவில்லையா, சேரவில்லையா. கியர் போடும்போது கரகர என்று பல்லைக் கடித்தால் பிரியவில்லை. இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்றால் சேரவில்லை. இரண்டும் வேறு வேறு நோய். இதைக் குழப்பிக்கொண்டு செலவழித்தவர்கள் ஏராளம்.

பிரியவில்லை என்றால் முதலில் டப்பாவைப் பார்ப்பார். திரவம் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. பெடலுக்கு மேலே கையை விட்டுத் தடவுவார். மாஸ்டரின் கம்பிப் பக்கம் ஈரமாக இருந்தால் மாஸ்டர். இல்லையென்றால் ஸ்லேவின் ரப்பர் மூடியை மெல்ல உரித்துப் பார்ப்பார். உள்ளே ஈரம் என்றால் ஸ்லேவ்.

திரவம் குறையவில்லை, ஆனால் பெடலை இரண்டு மூன்று தடவை வேகமாக அடித்தால் மட்டும் கியர் விழுகிறது என்றால் உள்ளே காற்று. காற்று சுருங்கும், திரவம் சுருங்காது. நிப்பிளைத் திறந்து ஏர் எடுக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிலர் ஸ்லேவைக் கழற்றித் தலைகீழாக மாட்டிவிடுவார்கள். நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலேதானே நிற்கும்? நாள் முழுக்க ஏர் எடுத்தாலும் போகாது.

பெடலை அமுக்கி அப்படியே பிடித்திருக்கும்போது தானாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது, வெளியே சொட்டுக்கூட இல்லை என்றால், மாஸ்டருக்குள்ளேயே ரப்பரைத் தாண்டித் திரவம் திரும்பி வருகிறது. ரப்பர் கிட் மாற்ற வேண்டும். சிலிண்டரின் உள்சுவரை விரலால் தடவிப் பார்த்துச் சொரசொரப்பு இருந்தால் கிட் போட்டும் பயனில்லை. சிலிண்டரையே மாற்ற வேண்டும். நம் ஊர் கடற்கரை ஊர். இந்தத் திரவம் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால் உள்ளே துருப் புள்ளி விழும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திரவத்தை முழுக்க மாற்றச் சொல்வார்.

பெடல் கெட்டியாக இருக்கிறது, ஆனாலும் பிரியவில்லை. இப்போது ஒரு ஆளைப் பெடலை அமுக்கச் சொல்லி ஸ்லேவின் கம்பி எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பார். ஏறக்குறைய அரை அங்குலம் நகர வேண்டும். நகரவில்லையா? பெடலையும் கம்பியையும் சேர்க்கும் முளையைப் பார்க்க வேண்டும். அந்த ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும். பெடல் நகரும் தூரத்தில் ஒரு பங்கு அந்தத் தேய்மானத்திலேயே செலவாகிவிடும். இருபது பைசா முளைக்காக முந்நூறு ரூபாய் சிலிண்டரை மாற்றியவர்கள் உண்டு. அந்த முளை சரியாக இருந்தால், பெடலை அமுக்கும்போது ரப்பர் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். பழைய ஹோஸ் தொண்டை போலப் புடைக்கும்.

கம்பி சரியாக நகர்ந்தும் பிரியவில்லை என்றால் ஹைட்ராலிக் மேல் குற்றமில்லை, உள்ளே இருக்கிறது நோய். மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைத்த வண்டியில் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். இன்னொன்றும் செய்வார். பெடலை அமுக்கச் சொல்லி, முன்னால் கிராங்க் புல்லியைப் பார்ப்பார். அது முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் இன்ஜினுக்குள் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. இந்த வகை இன்ஜினின் நிரந்தர பலவீனம் அது. கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜினே போய்விடும்.

இனி இரண்டாவது வகை, சேராத கிளட்ச். பிளேட் தேய்ந்திருந்தால் நழுவும். அது சாதாரணம். ஆனால் பெடல் மேலே வராமல் பாதியில் நின்று, கிளட்சும் நழுவினால், ஸ்லேவின் நிப்பிளைக் கொஞ்சம் திறந்து பார்ப்பார். திரவம் பீய்ச்சி அடித்து, உடனே கிளட்ச் பிடித்துக்கொண்டால், அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஹோஸ் உள்பக்கம் ஊதி அடைத்திருக்க வேண்டும். அல்லது மாஸ்டரில் ரப்பர் ஊதித் திரவம் திரும்பும் வழியை மறித்திருக்க வேண்டும்.

ரப்பர் ஏன் ஊதும்? தப்பான எண்ணெய் பட்டால் ஊதும். அதைக் கண்டுபிடிக்க அவர் செய்த சோதனை மிகவும் எளியது. டம்ளரில் தண்ணீர் எடுத்து, டப்பாவில் இருந்து நாலு சொட்டு விடுவார். சரியான திரவம் என்றால் தண்ணீரோடு கலந்துவிடும். மினரல் எண்ணெய் என்றால் மேலே மிதக்கும்.

அந்தச் சோதனையை அவர் செய்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. எங்கள் வண்டியில்தான்.

1980 நவம்பர்

அடைமழைக் காலம். எங்களோடு இருந்த அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, இரவு பதினோரு மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பின் சீட்டில் படுக்க வைத்து நான் ஓட்டினேன். அப்பா அத்தையின் தலையை மடியில் வைத்திருந்தார். நாலைந்து நாளாகவே பெடல் மெதுவாகத்தான் மேலே வந்துகொண்டிருந்தது. மழையில் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். கோரிமேடு ஏற்றத்தில் பெடல் பாதியில் நின்றுவிட்டது. இன்ஜின் கத்தியது. வண்டி நகரவில்லை. காலின் மேல்பக்கத்தால் பெடலைத் தூக்கிப் பார்த்தேன், பிரயோஜனமில்லை. இருபது நிமிஷம் மழையில் நின்றோம். அத்தையின் மூச்சுச் சத்தம் இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்டது. கடைசியில் ஒரு பால் வண்டிக்காரர் நிறுத்தி, கேன்களுக்கு நடுவில் இடம் செய்து ஏற்றிக்கொண்டார். அத்தை பிழைத்தார். அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் இருந்தார்.

மறுநாள் காலை மெக்கானிக் தன் ஷெட் பையனோடு வந்தார். பையனுக்குப் பதிமூன்று வயது இருக்கும். மாஸ்டரைக் கழற்றினார். ரப்பர் கப் இரண்டும் ஊதிப் பிசுபிசுத்துக் கிடந்தன. முகர்ந்து பார்த்தார். டம்ளரில் தண்ணீர் கேட்டார். நாலு சொட்டு விட்டார். மிதந்தது.

"எவன்டா இதுல இன்ஜின் ஆயில ஊத்துனது?" என்று பையனைப் பார்த்துக் கேட்டார். அதற்கு முந்தின வாரம் வண்டி ஷெட்டுக்குப் போயிருந்தபோது டப்பாவில் ஊற்றி நிரப்பியது அந்தப் பையன்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வாசலிலேயே அவனுக்கு ஓர் அறை விழுந்தது. அப்பாவுக்கு அதுவும் போதவில்லை. "எங்க அக்கா உயிரு போயிருக்கும்யா. இனிமே இந்த வண்டி மேல உங்க கை படக் கூடாது" என்று மெக்கானிக்கையும் சேர்த்து அனுப்பிவிட்டார். ஏழு வருஷமாக வந்துகொண்டிருந்தவர். பையனை அவர் அன்றே வேலையை விட்டு நிறுத்திவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஊற்றியது நான்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து தண்ணீர், ஆயில் பார்த்தேன். கிளட்ச் டப்பா கொஞ்சம் குறைவாக இருந்தது. "ஆயில் குறைஞ்சா ஊத்திக்குங்க" என்று மெக்கானிக் எப்போதோ சொன்னது ஞாபகம். கையில் இன்ஜின் ஆயில் டின் இருந்தது. ஆயில் ஆயில்தானே என்று ஊற்றி மூடினேன். பக்கத்து பிரேக் டப்பா நிறைந்திருந்தது. அதுவும் குறைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே இன்றும் பயமாக இருக்கிறது.

டம்ளரில் எண்ணெய் மிதந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா பக்கத்தில் நின்றார். எனக்கு முப்பது வயது, சர்க்கார் உத்தியோகம், கல்யாணமானவன். பிரெஞ்சுப் பத்திரம் படிக்கத் தெரிந்தவன் என்று ஆபீசில் மதிப்பு. வாயைத் திறக்கவில்லை. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த அறை விழுந்திருக்காது, அல்லது விழுந்த பிறகாவது விஷயம் நேராகியிருக்கும். அப்பா இறந்த பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

டின் மூடிகள்

ஹெரால்டின் காலம் முடிந்தது. 1983 டிசம்பரில் மாருதி வந்தது. அதில் கிளட்சுக்கு வெறும் கேபிள். திரவமும் இல்லை, டப்பாவும் இல்லை. வண்டலூர்க்காரர்கள் 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரை இறக்கிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. சில வருஷங்களில் கார் உற்பத்தியே நின்றுவிட்டது. இப்போது மறுபடி பல கார்களில் ஹைட்ராலிக் கிளட்ச் வந்திருக்கிறது. ஸ்லேவை கியர் பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். கெட்டால் கியர் பாக்ஸை இறக்கித்தான் பார்க்க வேண்டும். தடவிப் பார்த்து ஈரம் கண்டுபிடித்த காலம் போயிற்று.

போன வருஷம் என் மருமகன் ஒரு பழைய வண்டியை வாங்கி, அதைச் சரிசெய்ய ஒரு ஷெட்டுக்கு என்னையும் கூட்டிப் போனார். ஷெட்காரருக்கு அறுபது வயதுக்குக் கிட்டே. என் தெருப் பெயரைக் கேட்டதும், "அங்க சொல்தா வீட்டுல ஒரு ஹெரால்டு இருந்துச்சே" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பையன்தான்.

அலமாரியில் இருந்த டின்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் மூடியிலும் பெயின்ட்டில் பெரிதாக எழுதியிருந்தது. இன்ஜின், கியர், பிரேக். ஒரு பையன் டின்னை எடுத்தபோது, "ஊத்தறதுக்கு முன்னாடி மோந்து பாரு" என்றார். பையன் முகர்ந்துவிட்டுத்தான் ஊற்றினான்.

மருமகன் வெளியே போன நேரத்தில் சொல்லிவிட்டேன். "தம்பி, அன்னைக்கு எங்க வண்டியில இன்ஜின் ஆயில ஊத்துனது நான். நீ இல்ல."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நான்தான் டின்ன மாத்தி எடுத்துட்டேன்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டு இருந்தேன் சார்" என்றார்.

நான் பேசாமல் இருந்ததால் ஒரு பையன் அறை வாங்கினான், வேலை இழந்தான் என்பது வரைதான் எனக்குத் தெரியும். செய்யாத தப்பைத் தானே செய்ததாக அவன் நம்பி, நாற்பத்துச் சொச்சம் வருஷம் ஒவ்வொரு டின்னையும் முகர்ந்து பார்த்துக்கொண்டிருப்பான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "டீ சாப்பிடுறீங்களா சார்" என்றார். சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. அவரிடம் அனுமதி கேட்டேன். "பேரு போடாம எழுதுங்க" என்றார்.

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் டப்பாவில் எதை ஊற்றினோம் என்று சந்தேகம் வந்தால், ஒரு டம்ளர் தண்ணீர், நாலு சொட்டு. மிதந்தால் வண்டியை எடுக்காதீர்கள். ஊற்றியது நீங்கள் என்றால் அங்கேயே சொல்லிவிடுங்கள்.